டிக்கெட் கவுண்டர்ல ஒருத்தி

பேப்பர்ல வேலை பாக்குறீங்களான்னு கேட்டீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு வடை வாங்கித் தரணும். அறுபத்து மூணு வயசுக் கிழவி கழுத்துல கேமரா தொங்கினா மத்தவங்க எல்லாம் "பேரனுதா?"ன்னுதான் கேப்பாங்க. பேரனுது இல்லைங்க, மகனுது. மூத்தவன் செந்தூரன் புதுசு வாங்கினான், பழச என்கிட்ட தள்ளிட்டான். எங்க குடும்பத்துல பழசானதையெல்லாம் ஒரே மூலையிலதான் போடுவாங்க.

என் பேர் திலகவதி. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல முப்பது வருஷம் ஆபரேட்டர். ஊர்ல யாரு யார்கூட என்ன பேசினான்னு பூரா தெரியும், வாயைத் தொறக்க மாட்டேன். தொறந்தா பாதி திருச்சி கோர்ட்ல நிக்கும். ஆனா என் சொந்தக் கதைய சொல்றதுக்கு எந்த ரூல்ஸும் இல்ல பாருங்க. காட்பாடி தாண்டியாச்சுல்ல? கோயம்புத்தூர் வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். தூக்கம் வந்தா தூங்குங்க, நான் பாட்டுக்கு சொல்லிட்டே இருப்பேன்.

வீட்டுக்காரர் போனப்புறம் திருச்சி வீட்டை வித்து மூணு புள்ளைங்களுக்கும் பிரிச்சுக் குடுத்தாச்சு. "தனியா ஒருத்திக்கு எதும்மா நாலு ரூம்?"னு மூணு பேரும் ஒரே குரல்ல கேட்டாங்க. மூணும் ஒரே குரல்ல பேசினது பொறந்ததுலேருந்து அது ஒண்ணுதான். இப்ப நாலு மாசம் பெரம்பூர்ல மூத்தவன்கிட்ட, நாலு மாசம் கோயம்புத்தூர்ல மக வான்மதிகிட்ட, நாலு மாசம் ஓசூர்ல சின்னவன் முகிலன்கிட்ட. ராணி மாதிரி. ராணிங்கதானே கோடைக்கு ஒரு அரமனை, குளிருக்கு ஒரு அரமனைன்னு போவாங்க?

பெரம்பூர் அரமனையில எனக்கு ஹால்ல திவான். மருமக ஷர்மிளாவுக்கு வீட்லேருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவ மீட்டிங்ல உக்காந்தா பின்னாடி திவானும் நானும் தெரிவோம். வெள்ளைக்காரன் பயந்துடக் கூடாதில்ல? அதனால ஒன்பது மணிக்குள்ள போர்வைய மடிச்சு வச்சிட்டு கேமராவோட கெளம்பிடுவேன். அஞ்சரைக்குத்தான் திரும்புறது. யாரும் போகச் சொல்லலைங்க, நானாத்தான். பெரம்பூர்ல எந்தப் பார்க்ல வெயில் படாத பெஞ்ச் இருக்கு, எந்த லைப்ரரியில கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பா இருக்கு, எல்லாம் என்னைக் கேளுங்க.

ஞாயித்துக்கிழமைல ஒரு போட்டோ குரூப் கூடும். ஒன்பது பேர். சுகந்தன்னு ஒரு மாஸ்டர், முடியக் கொண்டை போட்டிருப்பார், என் கொண்டைய விடப் பெருசு. "வெளிச்சம் பேசும், காது குடுத்துக் கேளுங்க"ம்பார். முப்பது வருஷம் ஹெட்போன் மாட்டி கேட்டவ நான். வெளிச்சம் ஒரு நாளும் பேசல. ஆனா மனுஷன் நல்லா சொல்லித் தருவார், குறை சொல்லக் கூடாது.

அந்த மாசம் குடுத்த தலைப்பு 'கதவுகள்'. நல்ல கதவெல்லாம் மத்த எட்டுப் பேரும் எடுத்துட்டாங்க. நான் ஒரு மூடின சினிமா தியேட்டருக்குப் போனேன். மூடிப் பன்னெண்டு வருஷம் ஆச்சாம். பேர்ப்பலகையில மத்த எழுத்தெல்லாம் கொட்டிப்போய் 'மி' மட்டும் நிக்குது. லட்சுமியோ, பூமியோ, யாரு கண்டா. தெருக்காரங்களே 'மி தியேட்டர்'னுதான் சொல்றாங்க. பக்கவாட்டுல பழைய டிக்கெட் கவுண்டர். ஒரு கட்டில் போடுற அளவு ரூம், முன்னாடி கம்பி, கை நுழையிற மாதிரி ஒரு பொந்து. துருப்பிடிச்ச கம்பி, பாதி வெயில், பாதி நெழல். எடுத்தேன், வந்துட்டேன்.

வீட்ல வந்து கேமராவுல பெருசு பண்ணிப் பாக்குறேன். கம்பிக்கு உள்ள, சுவத்துல ஒரு தினசரி காலண்டர். அதுல அன்னைக்குத் தேதி.

புரியுதா? பன்னெண்டு வருஷமா செத்துக் கிடக்குற கட்டடம். காலண்டர்ல அன்னைக்குத் தேதி, அன்னைக்கு ராகு காலம். யாரோ காலையில எந்திரிச்சு நேத்தைய தாளக் கிழிச்சிருக்காங்க.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. பாவம்னு இல்லைங்க, பொய் சொல்ல மாட்டேன். துப்பு கெடச்ச சந்தோஷம். மறுநாளும் போனேன். அப்புறம் தினமும். ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் ஒண்ணு கண்ணுல படும். கம்பியில கட்டின பாதி பாட்டில்ல பல் விளக்குற பிரஷ். எலி ஏறாம ஆணியில தொங்கவிட்ட சிமெண்டுப் பை, அதுக்குள்ள துணி. கவுத்து வச்ச எவர்சில்வர் டம்ளர். ஒரு நாள் கொடியில ஊதா ரவிக்கை. வாசப்படியில மழை படாத ஓரமா ஒரு கோலம், என் உள்ளங்கை அளவுதான் இருக்கும், அஞ்சு புள்ளி. ஊர்ல பெரிய பெரிய வீட்டுக்காரிங்க ஸ்டிக்கர் ஒட்டுறாங்க, இவ மாவுல போடுறா!

எல்லாத்தையும் எடுத்தேன். நான் போற நேரம் ஆள் இருக்காது. பதினோரு மணி, வெளிச்சம் நல்லா விழும். மேலேருந்து விழுந்தா உள்ள இருக்கிறதெல்லாம் கண்காட்சிதான். குரூப்ல அனுப்பினேன். சுகந்தன் கைதட்டுற பொம்மை எட்டு போட்டார். "திலகவதி அம்மா, மனுஷனே இல்லாம மனுஷ வாழ்க்கைய எடுத்திருக்கீங்க"ன்னார். முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்கு ஒரு பாராட்டுக் கடுதாசி வந்ததில்லைங்க. அன்னைக்கு ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

பத்தாம் நாள் போய் குனிஞ்சு பொந்துக்கு நேரா கேமராவ வச்சேன். உள்ளேருந்து ஒரு குரல்.

"எத்தினி டிக்கெட்?"

கேமராவ விட்டுட்டேன். கழுத்துல மாட்டியிருந்ததால தப்பிச்சுது.

"ஹவுஸ்புல். போ"ன்னா.

பொந்து வழியா ஒரு மூஞ்சி. அம்பது அம்பத்தஞ்சு வயசு. குளிச்சு, தலை வாரி, பொட்டு வச்சு, கழுத்துல கயிறு போட்டு ஒரு ஐடி கார்டு. அன்னைக்கு ஜுரம்னு டூட்டிக்கு அரை நாள் லேட்டாப் போறாளாம். பல் டாக்டர் ஒருத்தர் க்ளினிக்ல கூட்டித் தொடைக்கிற வேலை. பேர் செங்கமலம்.

நான் சமாளிக்கணுமே. "கட்டடம் நல்லாருக்கு, அதான் எடுக்கலாம்னு…"ன்னேன்.

"கட்டடத்தையா எடுத்த? பத்து நாளா செருப்புத் தடம் பாக்குறேன். என் ரவிக்கை கட்டடமா? அத எடுத்து இன்னா பண்ணப் போற, ரேஷன் கார்டுல ஒட்டப் போறியா?"

நான் யாருக்கும் வாய் கொடுத்துத் தோத்ததில்லைங்க. அன்னைக்குத் தோத்தேன். தோத்துட்டு அந்தப் படியிலயே உக்காந்துட்டேன். அவளும் வந்து உக்காந்தா. பிளாஸ்க்ல டீ இருந்தது, டம்ளர்ல எனக்கு, மூடியில அவளுக்கு.

"புள்ளைங்க இல்லையா?"ன்னு கேட்டேன்.

"இருக்கான். வீடும் இருக்கு."

"பின்ன? அடிச்சுத் தொரத்தினாங்களா?"

"சே, சே. அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு உள்ள நொழையிறேன். டிவி பாத்துனே 'வந்துட்டியா'ன்னான். எப்பவும் கேக்குறதுதான். அன்னிக்கு அது வேற மாதிரி காதுல வுழுந்துச்சு. துணிய எடுத்துக்குனு வந்துட்டேன்."

நீங்களே சொல்லுங்க, இது ஒரு காரணமா? 'வந்துட்டியா'ன்னா என்னங்க தப்பு? பொம்பளைக்கு இவ்வளவு ரோஷம் ஆகாது. அனுசரிச்சுப் போகத் தெரியணும். என்னையப் பாருங்க. ஒரு வீட்ல கதவைத் தொறக்கும்போதே யாரு மூஞ்சி எப்படி இருக்குன்னு பாத்து, அதுக்குத் தக்கபடி செருப்பைக் கழட்டுவேன். ஒரு சண்டை கிடையாது.

காலண்டரப் பத்திக் கேட்டேன். "தேதி தெரியாம ஒருத்தி ரோட்ல நின்னா, பைத்தியம்னு ஊரே முடிவு பண்ணிடும். அதான்"னா.

அப்புறம் கேமராவக் காட்டி, "அழி"ன்னா. "இங்க ஒருத்தி கீறான்னு வெளிய தெரிஞ்சா ஓனர் சும்மா வுடமாட்டாரு. மூணு வருசமா யார் கண்ணுலயும் படாம இருக்கேன். நீ ஒருத்திதான் பாத்த. அழிச்சுடு."

அழிச்சேங்க. அவ கண்ணு முன்னாடி, ஒண்ணொண்ணா, ரவிக்கை, டம்ளர், கோலம், காலண்டர், எல்லாத்தையும் அழிச்சேன். ஒவ்வொண்ணு போகும்போதும் "ஆங்"ன்னா. அதெல்லாம் ஏற்கெனவே சுகந்தன்கிட்ட இருக்கான்னு அவ கேக்கல. நானும் சொல்லல. கேக்காதத எதுக்கு சொல்றது? எக்ஸ்சேஞ்ச்ல எங்களுக்கு அதுதான் பழக்கம்.

அதுக்கப்புறம் தெனமும் போவேன், படம் எடுக்க இல்ல, பேச. டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம். ஊர் உலகத்துல ஒருத்தரையும் விட மாட்டா. பல் டாக்டர்கிட்ட வர்றவங்க எல்லாம் வாயத் தொறந்து எப்படி முழிப்பாங்கன்னு நடிச்சுக் காட்டுவா. நான் சுகந்தன் கொண்டையச் சொல்லுவேன். ரெண்டு பேரும் அந்தப் படியில சிரிச்ச சிரிப்புல தியேட்டர் புறாவெல்லாம் பறக்கும்.

ஒரு நாள் அவ கேட்டா, "நீ பகலெல்லாம் எங்க இருப்ப?" நான் பார்க், லைப்ரரி, ஸ்டேஷன்னு சொன்னேன். "மதியம் சோறு?" "டப்பா கொண்டாந்துடுவேன்." "சாயங்காலம் எத்தினி மணிக்கு உள்ள வுடுவாங்க?" அவளுக்குப் பேசத் தெரியாதுங்க. உள்ள விடுறதாம்! என் மகன் வீடு!

இப்படி இருக்கும்போது சுகந்தன் எங்க படத்தையெல்லாம் ஒரு ஹால்ல மாட்டி கண்காட்சி வச்சார். என்னோடது நாலு. காலண்டர் படம்தான் நடுவுல, ஜன்னல் அளவுக்குப் பெருசு. வேண்டாம்னு சொல்லலாம்னு நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன். சுகந்தன் முன்னாடி போய் வாயத் தொறந்தேன், அவர் "உங்க படத்தப் பாத்து ஒருத்தர் அழுதுட்டார்மா"ன்னார். வாயை மூடிட்டேன். ஃபாரத்துல 'எடுத்த இடம்'னு கேட்டிருந்தது. தெரு பேரு, தியேட்டர், எல்லாம் எழுதினேன். அரசாங்க வேலை பாத்தவ, ஃபாரத்துல பொய் எழுதி எனக்குப் பழக்கமில்ல.

அந்தக் காலண்டர் படத்த ஒரு பேப்பர்ல போட்டுட்டாங்க, தெரு பேரோட. எட்டாம் பக்கம், கலர்ல. எடுத்தவர் திலகாவதின்னு ஒரு கால் சேத்து என் பேர். செந்தூரன் அஞ்சு பேப்பர் வாங்கினான். ஷர்மிளா மீட்டிங்ல வெள்ளைக்காரன்கிட்டயே காட்டினா. அன்னைக்கு முழுக்க நான் வீட்லயே இருந்தேங்க, திவான்ல, பட்டப்பகல்ல!

மறுநாள் காலைல போனேன். கவுண்டர் வாசல்ல ரெண்டு இரும்புப் பட்டைய குறுக்க வச்சு வெல்டிங் அடிச்சிருந்தாங்க. இன்னும் சூடு ஆறல, வாசம் அடிக்குது. அந்தப் பொந்தையும் தகரம் வச்சு மூடியாச்சு. செங்கமலம் படியில உக்காந்திருந்தா. குளிக்கல, ஆனா ஐடி கார்டு மாட்டியிருந்தா. பக்கத்துல அந்த சிமெண்டுப் பை, ஒரு பக்கெட்டு. பக்கெட்டுல காலண்டர்.

திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா பதில் வச்சிருந்தேன். வழி பூரா யோசிச்சு நாலஞ்சு பதில் கொண்டு போயிருந்தேன்.

அவ எந்திரிச்சு, "நீதான?"ன்னா.

"ஆமா."

"பத்து மணிக்கு டூட்டி. இதையெல்லாம் க்ளினிக்குக்கு எடுத்துனு போனா வேலையும் பூடும். நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க."

போயிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல.

உக்காந்தேன். என்ன பண்றது? மூட்டையும் பக்கெட்டுமா அந்தப் படியில ஒன்பதரைலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும். தண்ணி குடிக்கப் போகணும்னாலும் பக்கெட்டத் தூக்கிட்டுத்தான் போகணும். பன்னெண்டு மணிக்கு வெயில் படியேறி வந்துடுச்சு, முந்தானைய தலையில போட்டுக்கிட்டேன். ஒரு மணிக்கு பைக்ல ஒருத்தர் வந்து, வண்டிய நிறுத்தாமலே ஒரு சாம்பார் சாதப் பொட்டலத்த மடியில வச்சிட்டு, "சாப்டு பாட்டி"ன்னுட்டுப் போயிட்டார். நான் ரிட்டயர்டு சென்ட்ரல் கவர்ன்மென்ட் ஊழியர்! கத்திச் சொல்றதுக்குள்ள தெரு திரும்பிட்டார். சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. அத விடுங்க.

மூணு மணி இருக்கும். எதிர் பிளாட்பாரத்துல கேமரா சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்துல கூடத் தெரியும். பாத்தா எங்க குரூப் ரோஷினி, முழங்கை நீளத்துக்கு லென்ஸ மாட்டிக்கிட்டு என்னை எடுக்குறா. முக்காடு போட்ட கிழவி, மூட்டை, பக்கெட்டு, பின்னாடி பாழடைஞ்ச தியேட்டர். நல்ல ஃப்ரேம்தான், நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்.

முந்தானைய எடுத்தேன். "அய்யோ, ஆன்ட்டி! நீங்களா!"ன்னு ஓடி வந்தா.

"அழி"ன்னேன்.

அழிச்சா. அழிக்கிறத பக்கத்துல நின்னு பாத்தேன். அவ கையைப் புடிச்சு, "வேற எங்கயாவது அனுப்பிட்டியா?"ன்னு கேட்டேன். "இப்பதானே ஆன்ட்டி எடுத்தேன்?"னு முழிக்கிறா. சத்தியம் பண்ணச் சொன்னேன். அவ அம்மா மேல பண்ணினா. அப்பவும் நம்பிக்கை வரல.

ஆறு மணிக்கு செங்கமலம் வந்தா. நான் செந்தூரனுக்குப் போன் பண்ணேன், ரெண்டே ரெண்டு நாள் நம்ம வீட்ல ஒருத்தியத் தங்க வச்சுக்கலாமான்னு. "அம்மா, ஷர்மிளாவுக்கு நாளைக்கு முக்கியமான மீட்டிங். நீயே இருபதாம் தேதி வரைக்கும்தானே இருக்கப் போற, அது வரைக்கும் எதுக்கும்மா…"ன்னான். நியாயம்தானே? அவனும் எத்தனை பேரத்தான் சமாளிப்பான்.

செங்கமலத்துக்கு எதிர்ல நின்னுதான் பேசினேன். அவ கேட்டுட்டு, "பாவம், உன்ன வேற இன்னும் எத்தினி நாளுன்னு எண்ணினு இருக்கான்"னா. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பக்கெட்டத் தூக்கிட்டு வேகமா நடந்தேன்.

ஓட்டேரி பக்கம் வீடில்லாத பொம்பளைங்க தங்குறதுக்கு ஒரு காப்பகம் இருக்கு. லைப்ரரி வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருந்தது, எப்பவோ படிச்சது. அங்க கூட்டிட்டுப் போனேன். பொறுப்பாளர் ஜெபசெல்வின்னு ஒரு பொண்ணு, முகத்துல ஒரு சலிப்பு கிடையாது. வரிசையா கட்டில், ஆளுக்கொரு அலமாரி, அலமாரிக்கு சாவி. செங்கமலம் அந்தச் சாவியக் கையில வாங்கி, பூட்டித் தொறந்து, பூட்டித் தொறந்து, நாலு தடவை பாத்தா.

கூட்டிட்டு வந்தவங்க விவரமும் எழுதணுமாம். ஜெபசெல்வி பேனாவ எடுத்தா.

"உங்க முகவரி சொல்லுங்கம்மா."

"இருபதாம் தேதி வரைக்கும் பெரம்பூர். அப்புறம் நாலு மாசம் கோயம்புத்தூர். அதுக்கப்புறம் ஓசூர்."

"நிரந்தர முகவரிம்மா."

"அதான் சொல்றேனே. மாறி மாறி, நிரந்தரமா."

அந்தப் பொண்ணு பேனாவ மேல தூக்கிட்டு என்னையே பாத்தா. ரொம்ப மரியாதையா, மெதுவா கேட்டா, "அம்மா, உங்களுக்கும் ஒரு கட்டில் எழுதட்டுமா?"

செங்கமலம் சிரிச்சா பாருங்க! கட்டில்ல உக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன பண்றது, அந்தப் பொண்ணு வேலைக்குப் புதுசு போலிருக்கு, ஆள் தராதரம் தெரியல. சிரிச்சு முடிச்சதும் செங்கமலம் என்னைப் பாத்தா. "போட்டோவ நீ எடுத்த, போனது என் எடம். அத நான் மறக்க மாட்டேன்"னா. "சரி"ன்னேன். "ஆனா நீ வா. ஞாயித்துக்கிழமை லீவுதான்"னா. அவ்வளவுதான் அவ சொன்னது. மன்னிப்புக் கேக்கணும்னு நெனச்சேன். "காலண்டர் மாட்ட ஆணி கொண்டாரேன்"னுட்டு வந்துட்டேன்.

கொண்டு போய்க் குடுத்தேங்க. ஆணியும் குடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன், தெருவுல, ரெண்டு ஆட்டோ ஹாரனுக்கு நடுவுல. அவ காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல. "இன்னா?"ன்னா. "ஒண்ணுமில்ல"ன்னேன்.

இருங்க, போன் அடிக்குது. மக. ரயில் எங்க வருதுன்னு கேப்பா, பாசக்காரி.

சொல்லு வான்மதி. ஆங்… ஜோலார்பேட்டை தாண்டிருச்சு. என்னது? இன்னைக்குத்தாம்மா, நான் போன வாரமே சொன்னேனே. நாளைக்கா? இல்லடி, டிக்கெட்டே கையில இருக்கு… யாரு, உன் மாமியாரா? கண் ஆபரேஷனா? அய்யோ பாவம். ஆமா, ஆமா, அவங்களுக்குத்தான் அந்த ரூம் வேணும். நான் வேணா ஹால்ல… நாத்தனாரும் வந்திருக்காளா. சரி. சரிம்மா. முதல்ல ஓசூர் போயிட்டு அப்புறம் வர்றேன், அதனாலென்ன. நீ டென்ஷன் ஆகாத. சேலத்துல இறங்கி பஸ் புடிச்சுக்கிறேன். வைக்கிறேன்.

பாத்தீங்களா? பொண்ணுன்னா இப்படி இருக்கணும். நான் கூட்டத்துல கஷ்டப்படக் கூடாதுன்னு நெனைக்கிறா. முகிலனுக்கு ஒரு போன் போட்டுடறேன். திடீர்னு அம்மா வந்து நின்னா குதிப்பான்.

எடுக்கல. ஆபீஸ்ல இருப்பான். இன்னொரு தடவை பாக்குறேன். கட் பண்ணிட்டான், மெசேஜ் வருது. 'மீட்டிங். அப்புறம் கூப்பிடறேன்.' கூப்பிடுவான். சேலம் வர இன்னும் நேரமிருக்குல்ல? கூப்பிடுவான்.

உங்களுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? முறுக்கு இருக்கு, எடுத்துக்கோங்க.

இந்தா, அடிக்குது. சொன்னேன்ல? …ஓ, இவளா.

சொல்லு செங்கமலம். ஆங், ஏறி உக்காந்து பாதி தூரம் வந்தாச்சு. சாப்டேன். இல்ல, கோயம்புத்தூர் இல்ல, சேலத்துல இறங்கறேன். ஒண்ணுமில்ல, சும்மாதான். சின்னவன் போன் பண்ணட்டும்னு… தெரியல, மீட்டிங்காம். ஸ்டேஷன்லதான் உக்காந்திருப்பேன். ஆமா. ஆமா. சரி. ம். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ம். சரிடி. வை.

கொழுப்பப் பாத்தீங்களா இவளுக்கு? என்ன சொல்றா தெரியுமா? "பிளாட்பாரத்துல உக்காராத, பொம்பளைங்க வெயிட்டிங் ரூமுக்குப் போ. சுவத்தோரமா எடம் புடி. மூட்டைய முன்னாடி வைக்காத, காலுக்கு அடியில வச்சுக்க. படுக்காத, படுத்தா வந்து எழுப்பிக் கேள்வி கேப்பாங்க. ரெண்டு மணிக்கு ஒருக்கா மொகம் கழுவி, பொட்டு வச்சுனு வந்து உக்காரு. ஊருக்குப் போறவ மாதிரியே இருக்கணும், அப்பதான் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ங்கறா.

எனக்குப் போய் சொல்றா பாருங்க. நான் ஊருக்குத்தானேங்க போறேன்?